பருத்திக்காட்டில் பத்து மணி

நரிக்குடி ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி ஒரு மைல் நடந்தால் எங்கள் ஊர். அங்கே இருந்த ஒரே பள்ளிக்கூடத்தில் மதியச் சோறு ஆக்கினவள் நான். இரண்டாம் வகுப்போடு நின்றவள்தான். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். இதையும் நாலு நாளாக உட்கார்ந்து எழுதுகிறேன். ஆனால் அந்தப் பள்ளிக்கூடம் மூடாமல் நின்றதில் என் கை உண்டு. அதைச் சொல்ல எனக்கென்ன கூச்சம்?

அறுபதுகளில், என் மகள் அஞ்சாம் வகுப்பு படித்த வருசம் அது.

எங்கள் பக்கம் மாசி, பங்குனியில் பருத்தி வெடிக்கும். விடியக்காலைப் பனியிலேயே தொடங்கி எடுத்தால்தான் பஞ்சு சுத்தமாக வரும். உச்சி வெயில் ஏறிவிட்டால் சருகு நொறுங்கிப் பஞ்சோடு ஒட்டிக்கொள்ளும். அதனால் ஊரில் நடக்கத் தெரிந்த எல்லோருக்கும் காலையில் பருத்திக்காட்டில்தான் வேலை. பிள்ளைகளுக்கும்தான். எங்கள் வாத்தியார் இதைப் பார்த்து அவராகவே ஒரு ஏற்பாடு செய்திருந்தார். அந்த ரெண்டு மாசமும் பள்ளிக்கூடமே மத்தியானம்தான்; முதலில் சோறு, அப்புறம் பாடம். காட்டிலிருந்து பசியோடு வருகிற பிள்ளைகள் சாப்பிட்டுவிட்டு, பொழுது சாயும்வரை படிக்கும். ஒரு பிள்ளைகூட வராமல் நிற்காது.

அந்த வருசம் மேலேயிருந்து ஓர் ஆர்டர் வந்தது. எல்லாப் பள்ளிக்கூடமும் பத்து மணிக்குத்தான் தொடங்க வேண்டும், பத்து மணிக்கே பேர் கூப்பிட வேண்டும். பிள்ளைகள் குறைந்தால் பள்ளிக்கூடத்தை எடுத்து, மூன்று மைல் தள்ளியிருக்கிற பெரிய பள்ளிக்கூடத்தோடு சேர்த்துவிடுவார்கள். வாத்தியார் இதை வாசித்துவிட்டுக் காகிதத்தை மடித்தார், விரித்தார், மறுபடியும் மடித்தார்.

என் வீட்டுக்காரர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். “மூணு மைலும் உடைமர முள்ளுக் காடு. பொம்பளப் பிள்ளைய அனுப்ப மாட்டேன்.” எங்கள் பள்ளிக்கூடத்தை எடுத்துவிட்டால் என் மகள் படிப்பும் போச்சு. என்னை மாதிரி எழுத்துக் கூட்டிக்கொண்டு கிடக்க வேண்டியதுதான்.

வாத்தியார் மூன்று நாள் பத்து மணிக்கு மணியடித்துப் பார்த்தார். நாலு பிள்ளைகள் வந்தன. அதில் ஒன்று நான் காதைப் பிடித்து இழுத்து வந்த என் மகள்.

நாலாம் நாள் காலைப் பஸ்ஸில், பள்ளிக்கூடங்களைப் பார்வையிடுகிற ஆபீசர் வந்து இறங்கிவிட்டார். கண்ணாடி போட்ட ஒல்லியான மனுசர். வாத்தியார் ஓடிப்போய் மணியடித்தார். ஒரு குருவிகூட வரவில்லை. ஆபீசர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வாத்தியார் என்னைப் பார்த்தார்.

மணி என்று எங்களிடம் தொங்கியது ஒரே ஒரு தண்டவாளத் துண்டு. பாடத்துக்கு விட்டு விட்டு அடிப்பது. சோற்றுக்கு விடாமல் அடிப்பது. நான் கரண்டியைப் போட்டுவிட்டுப் போய் விடாமல் அடித்தேன். உலையே இன்னும் கொதிக்கவில்லை. அதை நான் யோசிக்கவில்லை.

காடு முழுவதும் கிளம்பி வந்தது மாதிரி வந்தார்கள் பாருங்கள்! மடியில் பருத்தியோடு, தலையில் பஞ்சோடு, ஐம்பது பிள்ளைகளும் தட்டு தேடி ஓடிவந்தன.

“சோறு எங்க?”

“முதல்ல பேரச் சொல்லுங்க, சோறு வருது!” என்றேன். வாத்தியார் படபடவென்று பேர் கூப்பிட்டார். எல்லாம் “உள்ளேன் ஐயா.” ஆனால் எல்லாவற்றின் கண்ணும் என் அடுப்பில்.

பின்னாலேயே என் நாத்தனார் வந்துவிட்டாள், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு. “ஏ மதினி, ஒனக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சா? உச்சிப் பொழுதாகி நிழல் காலடிக்கு வாரதுக்கு முன்னாடியே சோத்து மணி அடிக்கிற! செடி நெறையப் பாதியில போட்டுட்டு ஓடியாந்துருச்சுக!”

“சத்தம் போடாத. ஆபீசரய்யா வந்திருக்காக.”

அவள் ஆபீசரைப் பார்த்துத் திரும்பினாள். “நீங்கதானா பத்து மணிக்காரவுக? நல்லாயிருங்கய்யா. ஒங்க காயிதத்துல பனிக்கு எத்தன மணின்னு போட்டிருக்கு?”

ஆபீசர் சிரிப்பை அடக்கினார். “நேரத்த நான் மாத்த முடியாதும்மா. அது மெட்ராஸ்ல போட்டது.”

எனக்கு வாய் சும்மா இருக்குமா? “நேரம் மெட்ராஸ் நேரமாவே இருக்கட்டுங்கய்யா. எந்த எடத்துல நடத்தணும்னு போட்டிருக்கா?”

“எடமா?”

“ஆமா. பத்து மணிக்குக் காட்டுல வச்சுப் பேர் கூப்பிட்டா ஆகாதுன்னு அதுல இருக்கா, பாருங்க.”

அவர் வாத்தியாரிடம் காகிதத்தை வாங்கி முன்பக்கம் பார்த்தார், பின்பக்கம் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். “போடல” என்றார். வாத்தியார் அன்றைக்குத்தான் முதல்முறையாக மூச்சு விட்டார். உண்மையைச் சொன்னால், எனக்கு இன்னொரு கணக்கும் இருந்தது. வாத்தியார் காலையில் காட்டுக்குப் போய்விட்டால், என் அடுப்படிக்கு வந்து உப்புப் பார்க்க மாட்டார்.

சோறு வேகும்வரை ஆபீசரே பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு கேட்டார். பிறகு கோதுமைக் குருணைச் சோறும் பூசணிக்காய்ச் சாம்பாரும் சாப்பிட்டார். மூன்று தடவை கேட்டு வாங்கினார், நான் எண்ணிக்கொண்டுதான் போட்டேன். பார்வைப் புத்தகத்தில் என்னவோ எழுதிவிட்டுச் சாயங்காலப் பஸ் ஏறினார்.

மறுநாளிலிருந்து வாத்தியார் பத்து மணிக்கு வரப்பு வேப்பமரத்தடியில் பதிவேட்டோடு நிற்பார். பருத்திச் செடி நிரைகளுக்கு நடுவிலிருந்து ஒவ்வொரு தலையாக எழும்பி “உள்ளேன் ஐயா” சொல்லிவிட்டுக் குனிந்துகொள்ளும். ஏழாம் வாய்ப்பாட்டை ஒரு நிரை கத்தினால் அடுத்த நிரை எட்டாம் வாய்ப்பாட்டில் பதில் கத்தும். “படிப்புல கை ஓட மாட்டேங்குது” என்று என் நாத்தனார் பங்குனி முடிய வைதுகொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தை யாரும் எடுக்கவில்லை. என் மகள் அஞ்சு முடித்தாள்.

ஆறாம் வகுப்புக்கு, பஸ்ஸிலேயே போய்வரக்கூடிய திருச்சுழிப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க அவளுடைய சர்ட்டிபிகேட் வாங்கப் போனபோது, அந்தப் பார்வைப் புத்தகத்தை எடுக்கச் சொன்னேன். ஆபீசர் கையெழுத்தைக் கூட்டி வாசிக்க எனக்கு ஏலவில்லை. மகள் வாசித்தாள்.

“பள்ளி பத்து மணிக்குத் தொடங்குகிறது. வருகை திருப்தி. பள்ளி தொடரலாம்.”

“அப்புறம்?”

“அம்புட்டுத்தாம்மா.”

“அடுத்த பக்கம் திருப்பிப் பாரு.”

திருப்பினாள். வெறும் தாள்.

மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்ட மனுசர், சாம்பாரைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கக் கூடாதா?