எதிர்வீட்டுக்குப் போன அட்வான்ஸ்

“குடிச்சுப் பாருங்க” என்று குழாயைத் திறந்துவிட்டார் ஜெபசெல்வி அக்கா. வீடு பார்க்க வந்தவர் உள்ளங்கையில் பிடித்து ஒரு மடக்குக் குடித்தார், முகம் சுளித்தது. “உப்புதான? இப்பவே தெரிஞ்சிக்கிடுங்க. அட்வான்ஸக் குடுத்த பெறவு தண்ணி உப்பா இருக்குன்னு எங்கிட்ட வந்து நிக்கப்பிடாது.”

தூத்துக்குடி பிரையண்ட் நகரில், அக்கா வீட்டின் பின்கட்டில் பல வருடமாகக் குடியிருக்கிறேன். கப்பல் ஏஜென்ட் ஆபீஸில் எனக்கு வேலை. அக்காவுக்கு அறுபது வயது நெருங்குகிறது. கணவர் ஹார்பரில் கிரேன் ஓட்டியவர். ஓய்வு பெற்றபோது கிடைத்த பணத்தில் மாடியை எழுப்பினார். பூச்சு காய்வதற்குள் இறந்துபோனார். பிள்ளைகள் இல்லை. அந்த மாடியின் வாடகைதான் அக்காவுக்குச் சோறு.

அட்வான்ஸ் பத்து மாத வாடகை. காலி செய்யும்போது பெயிண்ட் அடிக்க ஒரு மாத வாடகை கழியும். கடைசி மாதங்களில் வாடகை தராமல், ‘அட்வான்ஸ்ல எடுத்துக்கோங்க’ என்று சொல்வது அக்காவைப் பொறுத்தவரை திருட்டு. ஆணி அடிக்க வேண்டுமென்றால் முதலில் சொல்ல வேண்டும். அவரே வந்து இடம் காட்டுவார். ஆனால் வாங்கிய அட்வான்ஸில் ஒரு ரூபாயைக்கூட எடுத்துச் செலவழிக்க மாட்டார். பாங்கியில் போட்டதோடு சரி. “அது எம்பணம் இல்ல தம்பி. எங்கிட்டத் தங்கியிருக்கு, அவ்வளவுதான்.”

இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. குடியிருப்பவர் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். கிறிஸ்துமஸுக்கு எங்களுக்குக் கேக் வரும். பொங்கலுக்கு நான் கொண்டுபோகும் பாத்திரம் மட்டும் மூடி திறக்காமலே திரும்பிவிடும். “அங்க கை நனைச்சுட்டா, பெறவு எந்த மொகத்த வச்சு வாடகையக் கேக்க?”

எதிர்வீடு பேபி அக்காவுடையது. ஜெபசெல்வி அக்காவின் கொழுந்தன் மனைவி. ஒரே மாமியாரிடம் பேச்சு வாங்கிய இருவர். பேபி அக்காவும் மாடியை வாடகைக்கு விடுகிறார். அட்வான்ஸ் இரண்டு மாதம், அதுவும் இல்லையென்றால், “இருக்கதக் குடு, மிச்சத்த மெதுவாத் தா.” அந்த வீட்டில் மோட்டார் பாதி நாள் ஓடாது. உப்புக்காற்றில் ஜன்னல் கம்பி துருப்பிடித்து உதிர்கிறது. இருந்தும் ‘வாடகைக்கு’ என்ற போர்டு அங்கே ஒரு வாரம் தொங்கி நான் பார்த்ததில்லை. சர்ச்சில் ஊருக்கே போடும் அசனச் சாப்பாடு என்றால், குடியிருக்கும் இந்துக் குடும்பமும் பேபி அக்காவோடு பந்தியில் உட்கார்ந்திருக்கும்.

எங்கள் அக்கா இதையெல்லாம் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே வெங்காயம் அரிவார். “அவளுக்கு மட்டும் எப்பிடித்தான் ஆளு அமையுதோ!” பலகையில் கத்தி இறங்கும் சத்தம் எனக்குப் பின்கட்டில் கேட்கும்.

எங்கள் மாடியில் பேச்சிச்செல்வி இருந்தாள். சாத்தான்குளத்துப் பக்கம். கணவன் பாண்டியராஜ் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறவன்; மாதத்தில் பாதி நாள் ஊரில் இருக்க மாட்டான். சாயங்காலமானால் பேபி அக்கா எங்கள் கேட்டைத் திறந்துகொண்டு, எங்கள் படியேறி, பேச்சியைப் பார்க்கப் போய்விடுவார். கொஞ்ச நேரத்தில் மேலே சிரிப்புச் சத்தம் கேட்கும். ஜெபசெல்வி அக்கா டி.வி. சத்தத்தைக் கூட்டுவார். அதையும் மீறிச் சிரிப்பு வரும்.

“எதுக்கு தம்பி சிரிக்காளுவ?”

“தெரியலையே அக்கா.”

“என்னயச் சொல்லித்தான்.”

ஒரு நாள் காலையில் பேச்சி இறங்கி வந்து, அடுத்த மாதம் காலி செய்வதாகச் சொன்னாள். எங்கே போகிறாய் என்று அக்கா கேட்டார். “எதுத்தாப்புலதான் அக்கா. பேபி அக்கா மாடி காலியாகுது” என்றாள். அன்று முழுக்க முன்கதவு சாத்தியே கிடந்தது. மறுநாளிலிருந்து என்னைப் பார்க்கும்போதெல்லாம் இதே பேச்சு: “எங்கிட்ட வாங்குன அட்வான்ஸக் கொண்டுபோயி அவ கையில குடுக்கப் போறாளாம் தம்பி!” பணம் பேச்சியுடையதுதான் என்று அவருக்குத் தெரியாதா என்ன? அது போய்ச் சேரும் கைதான் அவரைத் தூங்கவிடவில்லை.

காலி செய்யும் நாளில் வீட்டைச் சோதிக்கப் போனபோது, ஃபேனைப் பார்க்க வேண்டுமென்று என்னையும் கூட்டிக்கொண்டார். மூட்டைகள் கட்டித் தயாராக இருந்தன. டாக்டர் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பதுபோல அக்கா ஒவ்வொரு சுவரையும் உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே வந்தார். ஹாலில் கேட்காமல் அடித்த ஆணி. குளியலறையில் ஒழுகும் குழாய். அடுப்படி மேடையில் விரிசல். ஒவ்வொன்றுக்கும் ஒரு தொகை சொன்னார்.

“கழிச்சிக்கிடுங்க அக்கா” என்றாள் பேச்சி, ஒவ்வொன்றுக்கும்.

அக்காவுக்கு அது பொறுக்கவில்லை. “என்னளா, எல்லாத்துக்கும் தலைய ஆட்டுத? இந்த மேடை நீ வரும்போதே விரிஞ்சிதான் கெடந்துச்சு. சண்டை போட வேண்டியதுதான?”

“போட்டு என்ன செய்ய?”

“அவ வீட்டுல அப்பிடி என்னதான்ளா இருக்கு? மோட்டார் ஓடாது. கம்பியத் தொட்டா கையோட வருது. அங்க என்ன கண்டு போற?”

பேச்சி மூட்டைக் கயிற்றை இழுத்து முடிந்துவிட்டு நிமிர்ந்தாள்.

“வெள்ளத்தப்ப கீழ இடுப்பளவு தண்ணி நின்னுச்சு. நாந்தான் ஒங்க கையப் புடிச்சு மேல ஏத்துனேன். தண்ணி வடியுற வரைக்கும் எங்ககூடத்தான இருந்தீய? எஞ்சேலையத்தான கட்டுனீய? கஞ்சியோ ரசமோ, இருந்தத ஒண்ணா உக்காந்து குடிச்சோம். தாயி இல்லாத எனக்கு அது எப்பிடி இருந்துச்சு தெரியுமா? கீழ எறங்குன மறுநாளு ரூவாயக் கொண்டாந்து, ‘சாப்பிட்டதுக்கு’ன்னு நீட்டுனீய. அன்னைக்கி அழுதேன்க்கா. பேபி அக்கா வருவாக, சட்டியத் தொறந்து பாப்பாக, பிடிச்சத எடுத்துத் திம்பாக. ஒரு நாளும் காசு நீட்டுனதில்ல.”

அந்த வெள்ளத்தின்போது நான் எட்டயபுரத்தில் என் அண்ணன் வீட்டில் மாட்டிக்கொண்டிருந்தேன். இது எனக்குத் தெரியாது. அக்காவின் உள்ளங்கை சுவரிலேயே இருந்தது. “கடன்பட்டு நிக்கப்பிடாதுன்னு நெனச்சேன்ளா” என்றார். அக்கா மெதுவாகப் படி இறங்கினார்.

கொஞ்ச நேரம் கழித்துப் பணத்தோடு திரும்பி வந்தார். ஆணி, குழாய், மேடை எதற்கும் கழிக்கவில்லை. “பெயிண்டுக்கு மட்டும் எடுத்துருக்கேன். அது எல்லாருக்கும் உள்ளது.” பேச்சி வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். தெருவைத் தாண்டிச் சாமான்கள் போய்க்கொண்டிருந்த நேரம் முழுக்க அக்கா வெளியே வரவில்லை. ஜன்னல் திரை மட்டும் இரண்டொரு முறை அசைந்தது.

வெள்ளிக்கிழமை அங்கே பால் காய்ச்சினார்கள். பேச்சி நேரில் வந்து எங்கள் இருவரையும் அழைத்திருந்தாள். “பாப்போம்” என்றுதான் அக்கா சொல்லியிருந்தார். நான் போய்ப் பாயில் உட்கார்ந்தேன். அடுப்புக்குப் பக்கத்தில், தானே காய்ச்சியதுபோல முகமெல்லாம் சிரிப்பாகப் பேபி அக்கா. வாசலில் நிழல் தட்டியது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குக் கட்டும் பட்டுச்சேலையில் ஜெபசெல்வி அக்கா நின்றார். சுவரை ஒரு பார்வை பார்த்தார், தொடவில்லை.

“உள்ள வாங்கக்கா, உக்காருங்க” என்றார் பேபி அக்கா.

“நீ என்ன சொல்லுதது? வீட்டுக்காரி பேச்சி சொல்லட்டும்.”

பேச்சி ஓடிவந்து கையைப் பிடித்து உட்காரவைத்தாள். பால் டம்ளரை நீட்டினாள். ஜெபசெல்வி அக்கா அதைக் கொஞ்ச நேரம் இரண்டு கைக்குள்ளும் வைத்திருந்தார். பிறகு அண்ணாந்து, இடையில் நிறுத்தாமல், கடைசிச் சொட்டுவரை குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் பார்த்தார். பேபி அக்காவின் டம்ளரில் விளிம்புவரை நுரை பொங்கி நின்றது.

தன் காலி டம்ளரைப் பேபி அக்காவின் முகத்துக்குக் குறுக்கே பேச்சியிடம் நீட்டினார்.

“இன்னுங் கொஞ்சம் ஊத்துளா.”