கிளீட்டஸுக்குக் கடல் தெரியும்

மைதானத்தில் கோடு போடுவதற்குச் சுண்ணாம்புப்பொடி சலித்துக்கொண்டிருந்தேன். ரூபன் பைக்கை உள்ளேயே ஓட்டிக்கொண்டு வந்தான். ஒருநாளும் அப்படிச் செய்கிறவனில்லை. ஏசுவதற்கு வாயெடுத்தேன்.

"பாட்டா, கிளீட்டஸ் போயிட்டான்" என்றான்.

"இப்பமேவா? வல கிழிஞ்சு கெடக்கு, ரெண்டு நாளைக்குக் கடலுக்குப் போவலன்னுல்லா நேத்து சொன்னான்?"

ரூபன் வண்டியை விட்டு இறங்காமலே அழுதான். அப்போதுதான் கோயில் மணி விட்டுவிட்டு அடிப்பது எனக்குக் கேட்டது. நாற்பத்திமூன்று வயது. நெஞ்சு வலிக்கிறது என்று படுத்தவன் எழுந்திருக்கவில்லை.

எனக்கு எழுத்து கிடையாது. நான் சொல்லச் சொல்ல நம் கிளப் செயலாளர் எழுதுகிறார். நாற்பத்தொன்றாம் நாள் பூசைக்கு வருகிற உங்களுக்குக் கொடுக்கும் தாளில் இது இருக்கும். கோல் கீப்பராக நின்று கிளீட்டஸ் பாய்ந்து பிடித்த பந்துகளை நீங்களே பார்த்திருக்கிறீர்கள். அவன் பிடிக்காமல் விட்ட ஒரு பந்தைப் பற்றித்தான் நான் சொல்ல வேண்டும்.

நான் கடற்கரைக்காரன் இல்லை. இராஜாக்கமங்கலத்துக்கு வடக்கே வயல்காட்டில் பிறந்தவன். கோடு போடுவது, பந்துக்குக் காற்றடிப்பது, ஜெர்சி துவைப்பது என்று இந்த மைதானத்துக்கு வந்து சேர்ந்தேன். நம் டீம் சம்பளம் வாங்கும் லீக்கில் ஆடியது ஒரே ஒரு சீசன். அந்த சீசனின் முதல் நாள், ஜெர்சி மூட்டையையும் பெயர் எழுதிய தாளையும் மேனேஜர் என் கையில் தந்துவிட்டுப் போனார். ஜெர்சியில் இருக்கும் எண் எனக்குத் தெரியும். தாளில் இருக்கும் பெயர் தெரியாது. கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்தேன் என்று சொன்னேன். கண்ணாடி என்று ஒன்று எனக்கு எந்நாளும் இருந்ததில்லை.

கிளீட்டஸ் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்று தாளைப் பார்த்தான். பிறகு பெஞ்சின்மேல் ஏறி, கரையில் மீன் ஏலம் விடுகிற குரலில் தொடங்கிவிட்டான். "ஒண்ணாம் நம்பரு எனக்கு! ரெண்டு ஸ்டாலினுக்கு! மூணாம் நம்பரு கொழுத்த சூரை, யாருக்கு? நம்ம ரூபனுக்கு! எடுத்துக்கிடும் மாப்ள!" பயல்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அந்த ஏலம் நடந்தது. எல்லோரும் அதைக் கிளீட்டஸின் கோமாளித்தனம் என்றே நினைத்தார்கள். ஒருநாள் தனியாக இருக்கையில், "மக்கா, என் கண்ணாடி..." என்று ஆரம்பித்தேன். "கண்ணாடி கெடக்கட்டும் பாட்டா. ஏலம் விளிக்க எனக்குக் கொள்ள ஆசை" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

நம் டீமுக்கு இடதும் வலதும் கிடையாது, உங்களுக்கே தெரியும். கடல், கரை அவ்வளவுதான். நம் மைதானத்தின் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ஊர். "எனக்கு எடது ஒனக்கு வலது. கடலு ரெண்டு பேருக்கும் ஒண்ணுதாம்ல" என்பான் கிளீட்டஸ். வெளியூருக்குப் போனால் ஆட்டத்துக்கு முன் கோச் ஒரு பக்கத்தைக் கடல் என்று குறித்து, பலகையில் எழுதி வைப்பார்.

கடைசி ஆட்டம் களியக்காவிளையில். சமன் செய்தால் போதும், அடுத்த வருஷமும் லீக்கில் இருப்போம். தோற்றால் வெளியே. கோலுக்கு முன்னால் தடுத்து ஆடுகிற ரூபன் முழங்கால் நோவோடு, இன்றைக்கு ஆட்டமில்லை என்று பலகையைப் பார்க்காமலே, என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். மழைக் கருக்கல். கோல் எதுவும் விழவில்லை. முடிய இரண்டு மூன்று நிமிஷம் இருக்கையில் ஸ்டாலினுக்குக் கால் பிசகியது. கோச் ரூபனை எழுப்பினார். நம் கோல் பக்கம் அவர்களுக்கு ஃப்ரீ கிக். ரெஃப்ரி விசில் ஊதி அவசரப்படுத்துகிறார். ரூபன் குனிந்து பூட்ஸ் கயிற்றை முடிந்துகொண்டே கேட்டான்:

"பாட்டா, போர்டுல பாரும். கடலு எந்தப் பக்கம்னு போட்டிருக்கு?"

பலகை என் காலடியில்தான் இருந்தது. அதைப் பார்த்தேன். தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எங்களுக்குப் பின்னால், மதிலுக்கு வெளியே, மீன் லாரிகள் நின்றன. அந்த மணம் குப்பென்று அடித்தது. வயல்காட்டுக்காரனுக்கு மீன் மணம் அடித்தால் அதுதான் கடல். கையைப் பின்பக்கம் நீட்டினேன். ரூபன் ஓடினான்.

எதிர் டீமில் ஒருத்தனை யாரும் கவனிக்காமல் விட்டிருந்தார்கள். கிளீட்டஸ் பார்த்துவிட்டான். "ரூபா, கடலு! கடலு!" என்று தொண்டை கிழியக் கத்தினான். ரூபன் நான் காட்டிய பக்கத்துக்கு, மீன் லாரிப் பக்கத்துக்குப் பாய்ந்தான். பந்து மறுபக்கம் போனது. அந்த ஆள் தனியாக நின்று தலையால் முட்டினான். கிளீட்டஸின் விரலில் பட்டு உள்ளே போனது.

டிரெஸ்ஸிங் ரூமில் எல்லோரும் ரூபனைப் பிடித்துக்கொண்டார்கள். "ஏலே, கடலுன்னு கத்துனது ஒனக்குக் கேக்கலியா?" என்று ஸ்டாலின் அடிக்கவே போய்விட்டான். ரூபன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். வாயைத் திறப்பதற்குள் கிளீட்டஸ் நடுவில் வந்து நின்றான். "அவன விடுங்க. நாந்தான் மாத்தி விளிச்சேன். கடலுன்னு சொல்ல வேண்டியது, மொதல்ல கரைன்னு வந்துட்டு. அவன் ஓடுன பொறவுதான் கடலுன்னு கத்துனேன்."

நான் குனிந்து ஜெர்சிகளைப் பொறுக்கி மூட்டை கட்டினேன்.

திரும்பும் வேனில் கிளீட்டஸ் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அவன் என் கையைப் பார்த்தானா, ரூபன் சொன்னானா, தெரியாது. குழித்துறைப் பாலம் தாண்டும்போது என் காதோடு சொன்னான்: "பாட்டா, அந்த மீன் மணம் எனக்கும் அடிச்சிது பாத்துக்கிடும்."

டீம் கலைந்தது. சிலர் மீன்பிடி வள்ளத்துக்குப் போனார்கள், சிலர் வளைகுடாவுக்கு. கிளீட்டஸுக்கு ஊர் ஒரு பெயர் வைத்தது: கடல் தெரியாத கீப்பர். அவன் வள்ளத்தைத் தள்ளும்போதெல்லாம் கரையிலிருந்து யாராவது கூவுவார்கள்: "ஏலே கிளீட்டஸ், கடலு இந்தப் பக்கம்!" கடலில் பிறந்து வளர்ந்தவனைப் பார்த்து. அவனும் திரும்பி, "வழி காட்டுனதுக்கு ஸ்தோத்திரம்!" என்று கும்பிடுவான். சிரிப்பார்கள். அங்கே நின்று நானும் அதைக் கேட்டிருக்கிறேன். நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று ஏழு வருஷம் இருந்துவிட்டேன். எழுத்து தெரியாது என்பது வெளியே வந்துவிடுமே என்றுதான் முதலில் பயம். பிறகு, இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே என்று பயம்.

அடக்கத்தன்று கல்லறையில் மண் போட்டுவிட்டு வரும்போது, அவனோடு படித்த ஒருத்தன் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "இப்பமாவது கடலு எங்கன்னு தெரிஞ்சிருக்கும் பயலுக்கு" என்றான். பிரியத்தில்தான் சொன்னான். ரூபன் என் கையை இறுக்கிப் பிடித்தான். "பாட்டா, யாருட்டயும் சொல்லப்பிடாதுன்னு அவன் எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டான். நீரு ஒண்ணும் சத்தியம் பண்ணலியே?" என்றான்.

பண்ணவில்லை. அதனால் சொல்கிறேன். ரூபன் மேல் குற்றமில்லை. கிளீட்டஸ் சரியாகத்தான் கத்தினான். கடல் தெரியாதவன் நான். இனிமேல் அந்தப் பேச்சை யாராவது எடுத்தால், என் பெயரைப் போட்டுச் சொல்லுங்கள்.

அவனுடைய கையுறையை அவன் பெண்டாட்டி எனக்குத் தருவதாகச் சொன்னாள். வேண்டாம் மகளே, பிள்ளைகளுக்கு இருக்கட்டும் என்றேன். என்னிடம் அவன் வேனில் சொன்ன அந்தச் சொல் இருக்கிறது. அன்றைக்குக் காற்று எங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து எதிர் டீமின் கோலை நோக்கி வீசியது. காற்று எனக்குத் தெரியும், நெல் தூற்றினவன் நான். கிளீட்டஸ் நின்ற கோலுக்கு அந்த மீன் மணம் போயே இருக்காது.