பின் சீட்டின் இடது பக்கம்

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். அந்தக் கார் இப்போதும் புக்கிட் செலம்பாவில் என் வீட்டு வாசலில்தான் நிற்கிறது. சந்தேகம் இருப்பவர்கள் வந்து பின் சீட்டில் உட்கார்ந்து பார்க்கலாம். இடது பக்கம். காலை ஐந்து மணிக்கு வரவேண்டும். இதுவரை யாரும் வரவில்லை.

என் பெயர் யோகேஸ்வரி. சுங்கை பட்டாணியில் தொழிற்சாலை வேலை. பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவேன். அப்படி இருந்தவள்தான்.

என் கணவர் குணாளனுக்குச் சர்க்கரை நோய். முதலில் கண் போனது. பிறகு சிறுநீரகம். செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் காலை ஆறு மணிக்கு அவர் சுங்கை பட்டாணி டயாலிசிஸ் மையத்தில் இருக்க வேண்டும். பக்கத்து வீட்டு வேன் வராததால் இரண்டு முறை தவறவிட்டோம். கால் வீங்கி, மூச்சு வாங்கி, படுக்க முடியாமல் உட்கார்ந்தே தூங்கினார். இன்னொரு முறை தவறினால் அவருடைய இடம் வேறு ஒருவருக்குப் போய்விடும் என்று நர்ஸ் சொன்னார். அவரைக் குறை சொல்ல முடியாது. பதினொரு பேர் வரிசையில் காத்திருந்தார்கள்.

என்னிடம் இருந்த பணம் இரண்டாயிரத்து ஐந்நூறு வெள்ளி. ஒரு மாதம் கார் தேடி அலைந்தேன். ஒன்றில் கியர் விழவில்லை. ஒன்றில் காலடியில் தரை தெரிந்தது. வீட்டுக்கு வந்து அழுதேன். அன்றுதான் அவர் தலையணை உறைக்குள் கைவிட்டு நாலாயிரம் வெள்ளியை எடுத்து நீட்டினார்.

"ஏது இது?"

"தம்பி குடுத்தான். போன வருசம்."

அவர் தம்பி பத்து வெள்ளி எடுக்கவே பத்து முறை யோசிப்பான். ஆனாலும் நான் மேலே கேட்கவில்லை. கேட்கிற நிலையில் நான் இல்லை.

கூலிமில் லியோனார்ட் என்கிற தரகரிடம் ஒரு வெள்ளைக் கார் இருந்தது. ஆறாயிரத்து ஐந்நூறு. அதே மாதிரி கார் வெளியே பத்தாயிரத்துக்குக் குறையாது. எங்கள் பக்கத்து மெக்கானிக் லோகேஸ்வரனைக் கூட்டிப் போனேன். எஞ்சினைப் பார்த்து முடித்து, சீட் பெல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கடைசிவரை இழுத்தான்.

"வெள்ளத்துல கெடந்த காடின்னா இதுல தெரிஞ்சிரும்க்கா. மத்ததெல்லாம் கழுவிருவாங்க. உள்ள சுருண்டு கெடக்கறத யாரும் கழுவ மாட்டாங்க."

மூன்று பெல்ட்டுகள் சுத்தம். பின்னால் இடது பக்கத்துப் பெல்ட்டை மட்டும் இழுக்க முடியவில்லை. புது சீட் உறை அதை மூடித் தைத்திருந்தது. பெல்ட்டின் இரும்பு நாக்கு பூட்டில் மாட்டியபடி வெளியே தெரிந்தது. சிவப்புப் பட்டனை அமுக்கிப் பார்த்தான். கழலவில்லை.

"பின்னால யாருக்கா உக்காரப் போறா? ரெண்டே பேருதானே நீங்க," என்றார் லியோனார்ட்.

லோகேஸ்வரன் என்னைத் தனியே அழைத்தான். "எஞ்சின் நல்லாத்தான் இருக்கு. ஆனா சீட்டு, கார்ப்பெட்டு, மத்த மூணு பெல்ட்டு எல்லாம் புதுசுலா. இந்த வெலைக்கு யாருக்கா புதுசு போட்டுக் குடுப்பா?"

அந்தக் கேள்வியை நான் லியோனார்டிடம் கேட்டிருக்க வேண்டும். அடுத்த நாள் வியாழக்கிழமை. கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "காடி நம்பர் என்னா?"

"எதுக்கு? எடுக்கவா?"

நான் நம்பரைச் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் புதுக் கார் வந்தால் அதன் நம்பருக்கு லாட்டரியில் பணம் கட்டுவார்கள்; நம்பர் எடுப்பது என்பது அதுதான். விபத்தில் சிக்கிய காரின் நம்பருக்கு இன்னும் கூடுதலாகக் கட்டுவார்கள். பாதிச் சம்பளத்தை நம்பர் கடையில் விட்டவர் அவர். கண் போன பிறகும் ஆள் விட்டு எடுத்தார். அதனால் நம்பர் பேச்சே வீட்டில் கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தேன்.

மாலையில் முனீஸ்வரன் கோயிலில் பூசை. நான்கு சக்கரத்துக்கும் நான்கு எலுமிச்சம்பழம் வைத்தார்கள். காரை ஏற்றினேன். மூன்று நசுங்கின. பின்னால் இடது சக்கரத்தின் பழம் மட்டும் நசுங்காமல் கிடந்தது. தரை பள்ளம் என்று நானே சொல்லிக்கொண்டேன்.

வியாழக்கிழமை. 5.05க்குக் கிளம்பினோம். அவர் முன்னால், எனக்கு இடது பக்கம். செம்பனைத் தோட்டத்துக்கு நடுவே போகும் சாலை. நல்ல இருட்டு.

"பின்னால யாரு?" என்று கேட்டார்.

"யாருமில்லயே."

"முட்டி வந்து முதுகுல இடிக்குது."

சீட்டுக்குள் கம்பி ஏதாவது இருக்கும் என்றேன். மணி 5.22.

சனிக்கிழமை கார் கதவைத் திறந்ததும் சேற்று வாடை. மழையே இல்லை. பின்னால் இடது பக்கக் கால்மிதி மட்டும் நனைந்திருந்தது. பிழிந்து காயப்போட்டுவிட்டுக் கிளம்பினேன். சரியாக 5.22க்கு ஒரு சத்தம்.

டக்.

அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை. டாஷ்போர்டு கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது என்றுதான் இருந்தேன். பார்த்துவிட்டேன். 5.21.

5.22.

டக்... டக்...

யாரோ பெல்ட் பட்டனை அமுக்குகிறார்கள்.

டக் டக் டக் டக்...

கண்ணாடியில் பார்த்தேன். சீட்டில் யாருமில்லை. ஆனால் சீட் உறை அமுங்குகிறது... எழுகிறது... அமுங்குகிறது...

அவர் உட்கார்ந்திருந்த சீட் ஆடியது. பின்னாலிருந்து உதை. அவர் தலை முன்னும் பின்னும் போய் வந்தது.

"நிறுத்து யோகா."

"முடியாது."

நிறுத்தினால் ஆறு மணிக்குப் போய்ச் சேர முடியாது. சேராவிட்டால் அவர் இடம் போய்விடும். வாய்விட்டு அழுதேன். ஆக்சிலேட்டரிலிருந்து காலை மட்டும் எடுக்கவில்லை.

டக் டக் டக்...

5.25.

டக்...

டக்...

5.26.

நின்றுவிட்டது.

5.48க்கு மையத்துக்கு வந்து சேர்ந்தோம். அவரை உள்ளே படுக்க வைத்துவிட்டு எதிரே இருந்த ஒட்டுக்கடையில் உட்கார்ந்தேன். கடைக்காரர் பழனியாண்டி தேநீரை வைத்துவிட்டு என் காரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த நம்பரா... இது உங்க காடியாம்மா?"

"ஏண்ணே?"

"போன வருசம் பாடாங் மேஹா பக்கம் கால்வாய்ல உழுந்த காடிமா. வேலைக்குப் போன மூணு பேரு. விடியக்காலம் அஞ்சு மணிக்கு மேல. முன்னால ரெண்டு பேரும் வெளிய வந்துட்டாங்க. பின்னால ஒரு பொண்ணு. பெல்ட்டு கழலல. தீயணைக்கற போம்பா ஆளுங்க வந்து அறுத்துத்தான் எடுத்தாங்க. முன் சீட்ட ஒதச்சு ஒதச்சு... பாவம்."

அவரே மேலும் சொன்னார்.

"அந்த வாரமே இந்தக் காடி நம்பர் அடிச்சிருச்சு. மொத பரிசு. இந்தப் பக்கம் எல்லாருமே எடுத்தோம்."

தேநீரைத் தொடவில்லை. அவரிடமே ஒரு கத்தி வாங்கிக்கொண்டு போய் சீட் உறையைக் கிழித்தேன். ஒரு சாண் பெல்ட் இருந்தது. அறுத்த நுனி பிசிறு பிசிறாக. அதில் காய்ந்த சேறு. இரும்பு நாக்கு மட்டும் இன்னும் பூட்டுக்குள்.

பத்தரைக்கு அவர் வெளியே வந்தார். காரில் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். முடித்ததும் அவர் கேட்டார்.

"காடி நம்பர் என்னா?"

இந்த முறை நான் கோபப்படவில்லை.

"நாப்பத்தாறு..." என்று தொடங்கினேன்.

"எழுபத்தொண்ணு," என்று அவர் முடித்தார்.

அவர் தம்பி எங்களுக்கு எந்தக் காலத்திலும் நாலாயிரம் கொடுக்கவில்லை.

"ரெண்டு வெள்ளிக்குத்தான் எடுத்தேன் யோகா," என்றார். "எல்லாரும் எடுத்தாங்க."

வியாழக்கிழமை காலை ஐந்து மணிக்கு மறுபடியும் அதே காரைத்தான் எடுத்தேன். வேறு கார் வாங்க எங்களிடம் பணம் இல்லை. அவர் ஏறும்போது தன் சீட்டை முன்னால் தள்ளச் சொன்னார். முட்டி டாஷ்போர்டில் இடிக்கிற அளவுக்குத் தள்ளிவிட்டேன்.

"இன்னும் கொஞ்சம் தள்ளு," என்றார். "அந்தப் புள்ளைக்கு எடம் பத்தாது."