லாரி ஏறாத மலை

1. எதிர்க்கடை

இன்றைக்குக் கடை வைக்கிற பிள்ளைகள் போட்டியைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இப்ராஹிம் நினைவுதான் வருகிறது.

வெள்ளைக்காரன் காலம். மலையடிவாரத்து முள்ளுக்குறிச்சியில் ஒரு ராவுத்தர் கடையில் சரக்கு நிறுத்துக் கொடுப்பது என் வேலை. சேலத்து வியாபாரி ஒருவர் எங்களுக்கு எதிரிலேயே பெரிய கடை போட்டார். சொந்த லாரி வேறு. உப்பு, மண்ணெண்ணெய், துணி எல்லாம் அங்கே மலிவு. எங்கள் முதலாளி விலையைக் குறைத்தால் அவர் இன்னும் குறைத்தார். சந்தை நாளில்கூடத் தராசு சும்மா தொங்கியது. மாதக் கடைசியோடு வேறு வேலை பார்த்துக்கொள்ளும்படி முதலாளி என்னிடம் சொல்லிவிட்டார்.

இப்ராஹிம் முதலாளியின் தங்கை மகன். என்னைவிட இளையவர். திருச்சி காலேஜில் உயிரியல் படித்தவர், அப்பா இறந்ததும் பாதியில் விட்டுவிட்டு மாமன் கடைக்கு வந்திருந்தார். சாமை வாங்க நாங்கள் இருவரும் மலை ஏறிய ஒருநாள், வழியில் ஆலமரம் ஒன்று பழுத்து நின்றது. அவர் அதன் அடியிலேயே நின்றுவிட்டார். கிளிகள் நுனிக்கொம்பில் தொங்கித் தின்றன. புறாக்கள் நடுக்கிளையில். கீழே உதிர்ந்ததைக் காட்டுக்கோழி பொறுக்கியது.

இரை போதாத காலத்தில், இருக்கிற இடத்துக்கு ஒத்துவந்த உடம்புள்ளதுதான் பிழைத்துக் குஞ்சு பொரிக்கும், மற்றது தலைமுறைக்குத் தலைமுறை குறையும் என்று விளக்கினார். யாரும் திட்டம் போட்டு நடப்பதில்லையாம். கடைத்தெருவிலும் வாங்குகிறவர்கள் கை அப்படித்தான் பொறுக்குகிறது என்றார்.

“லாரிக்காரரு திங்கற கெளையிலயே நாமளும் ஒக்காந்திருக்கறோமுங்கண்ணா.”

லாரி மலை ஏறாது. நாங்கள் கழுதைகளில் உப்பும் தீப்பெட்டியும் ஏற்றி, மலைமேல் உள்ள திண்ணனூர் நாடு என்ற பகுதியின் குடிசைகளுக்குப் போனோம். சில்லறையாக விற்றோம். திரும்பும்போது சாமையும் தேனும் கொண்டுவந்தோம். கடை பிழைத்தது. என் வேலையும் நிலைத்தது.

2. பழனி

பிறகு அதே மலையில் அடுத்த பகுதியான பைல் நாட்டுக்கும் போனோம். அங்கே பழனி என்பவர் பல காலமாகத் தலைச்சுமையாக உப்பு விற்றுவந்தார். ஒருநாள் விற்காத மூட்டையோடு பாதையோரம் உட்கார்ந்திருந்தார். கோபமாகப் பேசவில்லை.

“ஏனுங்க, உங்க கழுதை வந்ததுல இருந்து எங்கிட்ட யாரும் வாங்கறதில்லீங்க. ஊட்ல அடுப்பெரியறதே சிரமமுங்க.”

நீங்கள் சொன்ன கணக்குப்படிதானே நடக்கிறது என்று இப்ராஹிமிடம் கேட்டேன். அவர் கழுதைகளைத் திருப்பி இறக்கத்தில் ஓட்டினார். அடிவாரம் வந்ததும் சொன்னார்:

“பறவையால நிறுத்த முடியாதுங்கண்ணா. நம்மால முடியுமுங்க.”

அதற்குப்பின் நாங்கள் பைல் நாட்டுக்குப் போகவில்லை. பழனிக்குக் கொள்முதல் விலைக்கே உப்புக் கொடுத்தோம். முதலாளிக்கு அது பிடிக்கவில்லை. மாமனும் மருமகனும் முகம் கொடுத்துப் பேசுவது நின்றது. கடைசியில் இப்ராஹிம் பினாங்குக்குக் கப்பல் ஏறினார். அங்கே கொஞ்சம் சம்பாதித்துவிட்டு, திரும்பி வந்து படிப்பை முடிக்கப்போவதாக எழுதினார். உலக யுத்தம் வந்தது. கடிதம் நின்றது.

முதலாளிக்குப் பின் கடை என் பொறுப்பானது. எதிரில் இன்னும் எத்தனையோ கடைகள் வந்தன, போயின. சிலவற்றை என்னால் எளிதாக மூடவைத்திருக்க முடியும். அப்போதெல்லாம் அவரை ஒரு வார்த்தை கேட்க மனம் ஏங்கும். எப்படிப் பிழைப்பது என்பதைப் பலர் எனக்குச் சொல்லித்தந்தார்கள். எந்த இடத்தில் போதும் என்று நிற்பது என்பதைச் சொன்னவர் அவர் ஒருவர்தான். பினாங்கிலிருந்து யார் வந்தாலும் இன்றும் அவரைப் பற்றி விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.