நீல டைல்ஸ்

கடலூர் கடற்கரையில் அம்மாவின் அப்பா விட்டுப்போன வீட்டுக்கு வெள்ளையடித்து நீல டைல்ஸ் பதிக்கிறோம். முடிந்ததும் அப்பாவையும் இங்கே அழைத்துவந்துவிடலாம் என்பது தம்பியின் எண்ணம். நேற்று கொத்தனாரின் கை தவறி ஒரு டைல் விழுந்து நொறுங்கியது.

எட்டு வயதில், விருத்தாசலத்து வீட்டில் நான் கேட்ட சத்தம் அது. பீங்கான் கம்பெனியில் வேலை பார்த்த அம்மா, ஒரு பீங்கான் மீனை வாங்கிவந்து சுவரில் மாட்டினாள்.

"யாரக் கேட்டு ஆணி அடிச்ச?" என்று அப்பா அதைப் பிடுங்கி அவள் நெற்றியிலேயே அடித்து உடைத்தார். ரத்தம் கண்ணில் வழிய விழுந்தவளை உதைத்தார். நான் அவர் காலைக் கடித்தேன். வாயில் ரத்தம் கரிக்கும்வரை விடவில்லை. அன்றைக்கே அம்மா கைக்குழந்தையாக இருந்த தம்பியோடும் என்னோடும் பஸ் ஏறி இங்கே வந்தாள்.

தம்பிக்கு போன் செய்தேன்.

"அப்பாவுக்கு வேற எடம் பாருடா. இது அம்மா தப்பிச்சு வந்த வூடு."