கத்தியைக் கழற்றச் சொன்னவன்

பேட்டரி அறைக்குள் நுழையும்முன் முஜல்லி கடிகாரத்தைக் கழற்றுவான், மோதிரத்தைக் கழற்றுவான், கடைசியில் இடுப்பு வாரோடு ஜம்பியாவையும் கழற்றி வாசல் ஆணியில் மாட்டுவான். வளைகத்தி இல்லாத இடுப்போடு ஓர் ஆண்பிள்ளை நடமாடுவதா என்று சிரிக்காத வாய் அந்த மலையூரில் இல்லை.

"என்னப்பா, பொண்டாட்டி புடுங்கிக்கிட்டாளா?" என்பார்கள்.

"ஆமா. நாக்கையும் கேட்டா, குடுக்கல" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பான்.

சூரியத் தகடு வந்த பிறகு ஏமன் மலைகளில் பேட்டரி இல்லாத வீடு குறைவு. அதற்குப் பயப்படத் தெரிந்த வீடு அதைவிடக் குறைவு. தொட்டால் கை சுண்டுவதில்லை. அதனால் அதை யாரும் மின்சாரமாகவே மதிப்பதில்லை. மனிதனைக் கடிக்காத அந்தச் சனியன் உலோகத்தைக் கண்டால் என்ன செய்யும் என்பது முஜல்லிக்குத் தெரியும். ஸ்பேனர் பிடிகளில் சைக்கிள் டியூப் சுற்றி வைத்திருந்ததும், வேலை நடக்காத பேட்டரி முனைகளையெல்லாம் ரப்பர் விரிப்பால் மூடி வைத்ததும் அதனால்தான்.

அன்று ஊர் மருத்துவமனையில் இருபத்துநாலு புது பேட்டரிகளை இணைத்துக்கொண்டிருந்தான். பழையவை செத்துப்போனதால் தடுப்பூசிகள் ஐஸ் பெட்டியில் இருந்தன. "சாயங்காலம் வரைக்கும்தான் தாங்கும் அண்ணே" என்று மருத்துவச்சி தகிய்யா காலையிலேயே சொல்லியிருந்தாள்.

நண்பகலில் ஷேக் காயித் பார்க்க வந்தார். மருத்துவமனைக்கு இடம் கொடுத்தவர். அவர் சொன்னால் திறக்கும், அவர் சொன்னால் பூட்டும். தொந்திக்கு மேலே பாட்டன் காலத்து ஜம்பியாவின் வெள்ளி உறை பளபளக்க, நேராகப் போய்ப் பேட்டரிகள் மீது குனியப் பார்த்தார். முஜல்லி குறுக்கே நின்றான்.

"கோவிச்சுக்காதீங்க ஷேக். ஜம்பியாவக் கழட்டிக் குடுத்துட்டு வாங்க."

தகிய்யா பதறிப்போய் எழுந்தாள். அங்கே ஓர் ஆண் தன் கத்தியைக் கழற்றி இன்னொருவன் கையில் கொடுப்பது, தப்பு செய்துவிட்டுத் தீர்ப்புக்குத் தலைவணங்கும்போதுதான்.

"நான் யாருக்குடா குத்தம் பண்ணினேன்?" ஷேக் உறுமினார். "வேலைய நிறுத்திட்டுக் கெளம்பு. வேற ஆள் வருவான்."

வேறு ஆள் வர மூன்று நாளாகும். ஒரு நிமிஷம் எட்டிப் பார்த்துவிட்டுப் போகட்டுமே என்று முஜல்லிக்கும் தோன்றாமல் இல்லை. அப்படி ஒருமுறை விட்டவன் அவன். வாசலுக்குப் போய்த் தன் ஜம்பியாவை எடுத்துவந்து ஷேக்கின் கைகளில் வைத்தான்.

"குத்தம் என்னுது ஷேக். நீங்களே தீர்ப்பு சொல்லுங்க."

கத்தியை வாங்கியவர் வழக்கைக் கேட்டாக வேண்டும். ஷேக் கோபம் தணியாமலே உட்கார்ந்தார்.

"ரெண்டு வருஷத்துக்கு முன்ன, வேற ஊருல ஒரு கெணத்து மோட்டார் பேட்டரிங்க. என் மச்சான் அய்யாஷ் பாக்க வந்தான். வயசுல மூத்தவன், நாலு பேர் மதிக்கிற ஆளு. கத்தியக் கழட்டுன்னு சொல்ல எனக்கு நாக்கு வரல. குனிஞ்சான். வெள்ளி உறை ரெண்டு முனைலயும் பட்டுச்சு. அப்படியே உருகி வயித்துல ஒட்டிக்கிச்சு. பேட்டரி வெடிச்சு ஆசிட்டு ரெண்டு கண்ணையும் எடுத்துருச்சு. எல்லாரும் விதிங்கறாங்க. அவனும் விதிங்கறான்."

ஷேக் குனிந்து தன் வெள்ளி உறையைத் தடவிப் பார்த்தார்.

"விதியாவது ஒண்ணாவது!" என்றார் பிறகு. "குத்தம் உன்னுதுதான். அன்னிக்கு நீ வாயத் தெறந்திருக்கணும். குத்தத்துக்கு ஈடா ஒரு கெடாவ ஓட்டிக்கிட்டுப் போய், எங்கிட்ட சொன்னத அப்படியே அவன்கிட்டயும் சொல்லு. இதான் தீர்ப்பு."

சொல்லிவிட்டு முஜல்லியின் கத்தியைத் திருப்பிக் கொடுத்தார். எழுந்து நின்று தன் இடுப்பு வாரை அவிழ்த்து, ஜம்பியாவை வெள்ளி உறையோடு அவனிடம் நீட்டினார்.

முஜல்லி அதை இரு கைகளாலும் வாங்கினான். இரண்டு வருஷமாகச் சொந்தபந்தமெல்லாம் அவனுக்கு ஆறுதல் சொல்லியிருக்கிறது; ஒரு வார்த்தையும் உள்ளே இறங்கவில்லை. குற்றவாளி என்று ஒருவர் சொன்ன பிறகுதான் அவனுக்கு அழுகை வந்தது. ஷேக் அவன் அழுது முடிக்கும்வரை காத்திருந்தார்.