கிழக்குப் பக்கத்து இரண்டு யன்னல்கள்

2025 ஆகஸ்ட் 12, செவ்வாய்க்கிழமை. காலை ஐந்து மணிக்கு எழுந்தேன். கிணற்றடியில் முகம் கழுவி, சாமி அறையில் விளக்கேற்றி, ஐந்தே முக்காலுக்கு அடுப்பைப் பற்றவைத்தேன். காலைக்கு இடியப்பமும் சம்பலும். மத்தியானத்துக்குச் சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, பயற்றங்காய் வறை. நல்லூர்க் கோயில் திருவிழாவுக்குக் கொடியேறிய அன்றே எங்கள் வீட்டில் மீன்சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிடுவோம். திருவிழா முடிந்த பிறகுதான் அதை நிமிர்த்துவது. ஏழு இருபத்தைந்துக்குச் சண்டிலிப்பாயிலிருந்து ஸ்கூட்டியில் புறப்பட்டேன். நல்லூர்ப் பக்கத்து வீதிகள் மறிக்கப்பட்டிருந்ததால் சுற்றிப் போக வேண்டியிருந்தது. ஏழு ஐம்பத்தைந்துக்கு யாழ்ப்பாண நகரத்தில் உள்ள மண்டபத்தின் கதவைத் திறந்தேன்.

இவையெல்லாம் என் சீ.ஆர். கொப்பியில், கெட்டி மட்டை போட்ட குறிப்புப் புத்தகத்தில், இருக்கின்றன. இருபத்துநான்கு வயதில் அலுவலக வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து எழுதி வருகிறேன். இரவில் நினைத்து நினைத்து எழுதுவதில்லை. கொப்பி கைப்பையிலேயே இருக்கும். ஒன்று நடந்து முடிந்ததும் நேரத்தைப் போட்டு இரண்டு வரி எழுதிவிடுவேன். ஆறப் போட்டால் மனம் தனக்கு வசதியாக மாற்றிவிடும் என்பது என் எண்ணம். உடனே எழுதினாலும் மனம் அதைச் செய்யும் என்பது அந்தச் செவ்வாய்க்கிழமைதான் தெரிந்தது.

ஆகஸ்ட் விடுமுறையில் பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு வாரப் பயிற்சி நடத்துகிறோம். ஊரை விட்டுப் போய் வெளிநாட்டில் இருக்கும் சிலர் உதவுகிறார்கள். காலையில் ஆங்கிலத்தில் பேசிப் பழகுவது, பின்னேரம் கணினி. கணினிக்கு ஒரு தம்பி இரண்டு மணிக்கு வருவார். மற்றதெல்லாம் என் பொறுப்பு. அதற்காக அலுவலகத்தில் லீவு எடுத்துவிடுவேன். இந்த வருடம் இருபத்தாறு பிள்ளைகள். சனிக்கிழமை தொடங்கி, ஞாயிறு விடுமுறை விட்டு, செவ்வாய் மூன்றாம் நாள்.

மண்டபக் கதவில் நான் தட்டச்சுச் செய்து ஒட்டிய அறிவித்தல் இருந்தது. அதில் ஆறு விதிகள். எட்டரைக்கு வரவு இடாப்பில் பெயர் கூப்பிடப்படும். கைத்தொலைபேசி மேசையில் ஒப்படைக்கப்பட வேண்டும். இப்படிப் போய் ஆறாவது விதி: திருவிழாக் காலமாகையால் மதிய உணவு சைவமாக இருத்தல் வேண்டும். விண்ணப்பங்களை ஒவ்வொன்றாக வாசித்து இடாப்பு எழுதியது நான்தான். அதில் ஏழு பிள்ளைகள் கத்தோலிக்கர் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் ஆறாவது விதியை எழுதும்போது அந்த ஏழு பேரும் நினைவுக்கு வரவில்லை. எல்லா வீட்டிலும் சட்டி கவிழ்ந்துதான் கிடக்கிறது என்பது போல எழுதினேன்.

அந்த ஏழு பேரில் ஒருத்தி, கரையோர மீனவர் ஊரான குருநகரிலிருந்து சைக்கிளில் வருபவள். இடாப்பில் பதினேழாவது பெயர். முன் வரிசையில் இருப்பாள். முதல் நாள் ஒவ்வொருவராக எழுந்து, என்னவாக வர விருப்பம் என்று ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். டொக்டர், எஞ்சினியர், டொக்டர், எக்கவுண்டன் என்று வரிசையாக வந்தது. இவள் எழுந்து, "மிஸ், முதல் தமிழிலை சொல்லட்டோ?" என்று கேட்டாள். சொல்லச் சொன்னேன்.

"நண்டு வாங்க வாற கொம்பனிக்காரர் எங்கடை ஆக்களுக்கு முன்னாலை நிண்டு தங்களுக்குள்ளை இங்கிலீசிலை கதைச்சுப்போட்டு விலையைக் குறைக்கினம் மிஸ். அம்மா சிரிச்சுக்கொண்டு நிப்பா. அவவுக்கு விளங்காது. எனக்கு விளங்கோணும். விளங்கி, திருப்பிக் கதைக்கோணும்."

பக்கத்தில் இருந்தவள் நெல்லியடியிலிருந்து பஸ்ஸில் வரும் பிள்ளை, வாய் சும்மா இராது. "அப்ப நீ நண்டு டொக்டரடி" என்றாள்.

"ஓமடி, உனக்குத்தான் முதல் ஊசி."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். திங்கட்கிழமை விலை பேசும் உரையாடல் ஒன்றைப் பழக்கினேன். "நோ சேர், த ப்ரைஸ் இஸ் ரூ லோ" என்று இடுப்பில் கைவைத்து அவள் சொன்ன விதத்தைப் பார்த்து, சனிக்கிழமை நிறைவு நாளில் நன்றியுரையை இவளிடம் கொடுக்கலாம் என்று கொப்பியில் குறித்துக்கொண்டேன்.

முதல் இரண்டு நாளும் மத்தியானத்துக்கு அவள் பேக்கரிப் பாணும் வாழைப்பழமும்தான் கொண்டுவந்தாள். அதையும் நான் கவனித்திருந்தேன். ஏன் பாண் என்று யோசிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை பன்னிரண்டு நாற்பதுக்குச் சாப்பாட்டுக்கு விட்டேன். மண்டபத்திலேயே வாங்குகளை நெருக்கிப்போட்டுச் சாப்பிடுவோம். நான் மேசையடியில் இருந்து என் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கும்போது மணம் வந்தது. பெருஞ்சீரகமும் கறுவாவும் வறுத்துப் போட்ட இறைச்சிக்கறி மணம். நிமிர்ந்து பார்த்தேன். குருநகர்ப் பிள்ளை வாழையிலைப் பொதியை விரித்து வைத்திருந்தாள். சோற்றுக்கு மேல் சிவந்த குழம்பில் துண்டு துண்டாக ஏதோ கிடந்தது.

நான் எழுந்து போகவில்லை. இருந்த இடத்திலிருந்தே, இருபத்தாறு பேருக்கும் கேட்கக் கூப்பிட்டேன்.

"பிள்ளை, அறிவித்தல் வாசிச்சனீரோ?"

"ஓம் மிஸ். மிஸ், இது..."

"காரணம் வேண்டாம். உங்கடை வீட்டிலை என்ன வேணுமெண்டாலும் சமைக்கட்டும். உதை இஞ்சை விரிக்க வேண்டாம். வெளியிலை கொண்டுபோய்ச் சாப்பிடும்."

அவள் பொதியை மடித்தாள். இலையின் ஒரு பக்கம் கிழிந்து குழம்பு கையில் வழிந்தது. வெளியே போனாள். பிறகு நான் எழுந்து கிழக்குப் பக்கத்து யன்னல்கள் இரண்டையும் திறந்துவிட்டு வந்து சாப்பிட்டேன். சாப்பிட்டு முடித்துக் கை கழுவிக் கொப்பியை எடுத்தேன். அந்த வரி இன்னும் இருக்கிறது: 12.50. ஒருவர் அசைவம் கொண்டுவந்தார். வெளியே சாப்பிடுமாறு அறிவுறுத்தினேன்.

ஒன்றரைக்கு நெல்லியடிப் பிள்ளை மேசைக்கு வந்தாள். அன்று அவள் வாயில் பகிடி இல்லை.

"மிஸ், அவள் போயிட்டாள்."

"எங்கை?"

"வீட்டை. சைக்கிளை எடுத்துக்கொண்டு போயிட்டாள். சாப்பாட்டை வாசலிலை நிண்ட நாய்க்கு வைச்சுப்போட்டுத்தான் போனவள். மிஸ், அது சோயா மீற். எனக்கும் ரெண்டு துண்டு தந்தவள், நீங்கள் கூப்பிட முதலே நான் திண்டிட்டன். நானும் விரதம்தான்."

இறைச்சித் துண்டு போலவே சோயாவில் செய்த சைவச் சாமான் அது; யாழ்ப்பாணத்தில் எந்தக் கடையிலும் பைக்கற்றில் தொங்கும். விரத நாட்களில் அதைச் சமைக்காத வீடு குறைவு. எங்கள் வீடு அந்தக் குறைந்த வீடுகளில் ஒன்று; இறைச்சியை நினைவூட்டும் எதுவும் திருவிழா நாட்களில் வேண்டாம் என்பது அம்மாவின் காலத்திலிருந்து வரும் பழக்கம். நெல்லியடியிலிருந்து வந்த பிள்ளையின் பொதியிலிருந்து அதே மணம் வந்திருந்தால் அசைவம் என்று நினைத்திருப்பேனா? இல்லை. சோயா மீற் போலும் என்று என் சாப்பாட்டைத் தொடர்ந்திருப்பேன். குருநகர் என்பதால் மீன், இறைச்சி என்று மூக்கு தானாகவே முடிவு கட்டிவிட்டது.

பின்னேரக் கணினி வகுப்பை அந்தத் தம்பியிடம் விட்டுவிட்டு நான் வாசலிலேயே நின்றேன். நாலரைக்கு மண்டபத்தைப் பூட்டினேன். ஐந்து பத்துக்குக் குருநகரில் ஒரு தேவாலயத்துக்கு அருகே ஸ்கூட்டியை நிறுத்தி, விண்ணப்பத்தில் இருந்த விலாசத்தைக் காட்டிக் கேட்டேன். இரண்டாவது ஒழுங்கை, நீலப் படலை. போகும் வழியெல்லாம் வசனத்தை அடுக்கிக்கொண்டு போனேன். பிழையாக விளங்கிவிட்டேன். சோயா என்று தெரியாது. மன்னிக்க வேண்டும். சரியாக மூன்று வசனம்.

தாய் முற்றத்துக் குழாயடியில் மீன் பெட்டிகளைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். சந்தைக்குப் போய்வந்த உடுப்பு. என்னைவிட ஐந்தாறு வயது குறைவாக இருக்கும். நான் யார் என்று சொன்னேன்.

"தெரியும் ரீச்சர். வாங்கோ, இருங்கோ" என்று ஒரு பிளாஸ்ரிக் கதிரையைத் துடைத்துப் போட்டார். நான் இருந்து மூன்று வசனத்தையும் சொன்னேன். அவர் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தபடி கேட்டார்.

"அப்ப சோயா எண்டபடியாலோ வந்தனீங்கள்?"

நான் மூன்றாவது வசனத்தைத் திரும்பவும் சொன்னேன்.

"ரெண்டு நாள் பாணோடை விட்டனான். எங்கடை சட்டியெல்லாம் மீன் காய்ச்சின சட்டி. அதிலை வைச்சுக் குடுத்துவிட்டால் உங்களுக்குச் சரிவராது எண்டு நினைச்சன். பிள்ளை பசியோடை இருந்து படிக்குது எண்டு நேற்றுச் சந்தையாலை வரேக்கை புதுச் சட்டி ஒண்டும் அகப்பையும் வாங்கினனான். அதிலை சோறு கறி எல்லாம் புறிம்பாச் சமைச்சனான்." அவர் குரல் உயரவில்லை. "மீன் எண்டாலும்தான் என்ன ரீச்சர்? மற்ற நாளிலை அந்த மீனைத்தானே நீங்கள் எங்களிட்டை வாங்கிறனீங்கள்?"

"ஓம்" என்றேன். அது உண்மை. திருவிழா இல்லாத மாதங்களில் வெள்ளிக்கிழமை தவிர மற்ற நாட்களில் எங்கள் வீட்டில் மீன்தான்.

"யன்னலையும் திறந்தனீங்களாம்."

அவள் வெளியே நின்று அதைப் பார்த்திருக்கிறாள். எனக்கு முகம் சுட்டது. கைப்பைக்குள் கொப்பி இருந்தது. பால்கறி, பயற்றங்காய் வறை, ஏழு இருபத்தைந்து, ஏழு ஐம்பத்தைந்து எல்லாம் அதில் இருந்தன. யன்னல் இல்லை. மறந்துபோய் விடவில்லை. எழுதும்போது அந்த இரண்டு யன்னலும் எனக்கு முன்னால் திறந்துதான் கிடந்தன. பேனா அதைத் தாண்டிப் போனது.

தாய் உள்ளே போய்த் தேத்தண்ணி கொண்டுவந்தார். நீட்டிய கையை உடனே இழுத்துக்கொண்டு, "குடிப்பீங்கள்தானே? பால் போடேல்லை, பிளேன்ரீ" என்றார். அந்தக் கேள்வியில் குத்தல் இல்லை. உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டார். அதுதான் கூடச் சுட்டது. நான் வாங்கிக் குடித்தேன்.

கதவடியில் அவள் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியாது. வகுப்புக்குப் போட்டுவந்த உடுப்பை மாற்றி வீட்டுச் சட்டையில் இருந்தாள். இன்னும் சின்னப் பிள்ளையாகத் தெரிந்தாள்.

"பிள்ளை, நான் செய்தது பிழை. நாளைக்கு வாரும்" என்றேன்.

அவள் தாயைப் பார்த்தாள். "என்னைப் பாக்காதை. உன்ரை விருப்பம்" என்றுவிட்டுத் தாய் திரும்பவும் குழாயடிக்குப் போய்விட்டார்.

"மிஸ், இது இஞ்சை சொல்லுறீங்கள்" என்றாள் அவள். "அது அங்கை எல்லாருக்கும் முன்னாலை சொன்னனீங்கள்."

"ஓம்."

"அங்கையும் சொல்லுவீங்களோ?"

ஆங்கிலத்தில் விலை பேசப் பழக்கியது நான்தான். முதல் சொன்ன விலைக்கு இறங்காதே, நேரே பார்த்துப் பேசு என்று திங்கட்கிழமை சொல்லிக்கொடுத்திருந்தேன். அவள் நேரேதான் பார்த்தாள்.

"சொல்லுவன்."

"அப்ப கேக்க வாறன். பிறகு இருக்கிறதோ போறதோ எண்டு பாப்பம்."

ஆறே காலுக்கு வீடு வந்தேன். உடுப்பு மாற்ற முதல் கொப்பியைத் திறந்து 12.50க்குக் கீழே எழுதினேன்: கிழக்குப் பக்கத்து யன்னல்கள் இரண்டையும் திறந்தேன். அந்த மணம் போகட்டும் என்றுதான் திறந்தேன். வேறு காரணம் இல்லை. பழைய வரியை வெட்டவில்லை. நான் ஒருநாளும் வெட்டுவதில்லை, அதுவும் அப்படியே கிடக்கட்டும் என்று விட்டேன். அவரிடம், என் கணவரிடம், சாப்பாட்டின்போது எல்லாவற்றையும் சொன்னேன். "விதி விதிதானே" என்றார். எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று சொன்னது. ஆறுதலாக இல்லை. அந்த விதியை எழுதிய ஆளே நான்தான்.

ஆகஸ்ட் 13, புதன்கிழமை. ஏழு ஐம்பதுக்கு மண்டபத்துக்குப் போய்க் கதவிலிருந்த அறிவித்தலைக் கிழித்தேன். பசை கெட்டியாகப் பிடித்திருந்தது. நகத்தால் சுரண்டியும் ஆறாவது விதி இருந்த மூலை மட்டும் விட்டுப்போகவில்லை. நனைத்துத் துடைத்தேன்.

பிள்ளைகள் வந்தார்கள். எட்டு இருபத்தெட்டுக்கு அவள் வந்தாள். பையைத் தோளை விட்டு இறக்காமல் வாசற்படியில் நின்றாள். எட்டரைக்கு நான் இடாப்பைத் திறக்கவில்லை. இந்தப் பயிற்சி தொடங்கிய நாளிலிருந்து எட்டரைக்கு வேறு எதையும் செய்ததில்லை. எழுந்து மேசைக்கு முன்னால் வந்து நின்றேன்.

"நேற்று மத்தியானம் நான் இந்தப் பிள்ளையை எல்லாருக்கும் முன்னாலை அவமானப்படுத்தினனான். அவ கொண்டுவந்தது சோயா. மீன் எண்டாலும் எனக்கு அப்பிடிச் சொல்ல உரிமை இல்லை. கொண்டுவந்தது ஆரெண்டு பாத்துத்தான் சொன்னனான். பிறகு எழும்பிப் போய் யன்னலையும் திறந்தனான். அது அதைவிடப் பிழை." கையை நீட்டி அந்த இரண்டு யன்னலையும் காட்டினேன். "அந்த விதி இனி இல்லை. அவவிட்டை மன்னிப்புக் கேக்கிறன்."

நெல்லியடிப் பிள்ளை குனிந்து கொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் திரும்பிப் போய்க் கதிரையில் இருந்து இடாப்பை எடுத்தேன். வாசற்படியைப் பார்க்கத் துணிவு வரவில்லை. ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டுக்கொண்டு வந்தேன். பதினேழாவது பெயரைக் கூப்பிட்டபோது "பிறசன்ற் மிஸ்" என்று குரல் வந்தது. முன் வரிசையிலிருந்து அல்ல. கடைசி வாங்கிலிருந்து.